சமரச அறையில் சளி, காய்ச்சல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள

மாவட்ட நீதிமன்றச் சமரச மையத்தில், வழக்காடும் இரு தரப்பையும் பேச வைத்து உடன்பாட்டுக்குக் கொண்டு வரும் சமரசராக உட்காரும் வக்கீல் நான். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது, பாகப்பிரிவினை, செக் வழக்கு என்று என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் குடும்பமும் பணமும்தான். கோர்ட் ஹாலில் வழக்கைக் கூப்பிட்டு வாய்தா போட ஐந்து நிமிடம் போதும். இங்கே அதே ஆட்கள் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், அழுகிறார்கள். ஃப்ளூ, கொரோனா, காசநோய் எல்லாம் மூச்சுக்காற்றில் பரவுகிறவை. குரல் உயர உயர வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகளும் கூடும். 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் தொடங்கிய நாள் முதலே நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதுதான் இந்த முறையின் உயிர். அதை விடாமல் எப்படிப் பாதுகாப்பாக உட்காருவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலை, அமர்வுக்கு முந்தின நாள் மாலை போனிலேயே தொடங்கிவிடுகிறது. காய்ச்சலோடு வருகிறவரைக் கேட்டால், "வரலைன்னா வேணும்னே இழுத்தடிக்கிறேன்னு சொல்லிடுவாங்க மேடம்" என்பார். இந்தப் பயம்தான் நோயை அறைக்குள் கூட்டி வருகிறது. ஆகவே இரு தரப்பு வக்கீல்களுக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள்: காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு இருந்தால் கட்சிக்காரரை அழைத்து வர வேண்டாம், தேதி மாற்றித் தருகிறேன், அதை யாருக்கும் எதிராக எடுத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அடுத்த தேதிக்கு வரலாம்.

ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்னதை எதிர்த்தரப்புக்குக் கடத்தவே கூடாது. "அன்றைக்குத் தோதுப்படவில்லை" என்பது போதும். குழந்தை வழக்கில் "அவருக்கு டிபி" என்ற ஒரு சொல் வெளியே போனால் அதுவே ஆயுதமாகிவிடும். சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்குக் காசநோயைப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எப்போது வரலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்தது காற்று. இதில்தான் எங்கள் வேலைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரகசியம் போகும், சாத்தினால் காற்று போகும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்ற விடுகிறது. சீலிங் ஃபேனும் அப்படியே. வராந்தாப் பக்கம் ஜன்னல் உள்ள அறையை விட்டுவிட்டு, மரமோ சுவரோ பார்த்த ஜன்னல் உள்ள கடைசி அறையைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஜன்னலுக்குக் கீழே பெஞ்ச் கிடந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அறைக்காற்றை அது வெளியே தள்ள, கதவின் அடி இடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். அந்த ஃபேன் இரைச்சலில், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர் காதில் பேச்சும் தெளிவாக விழாது.

நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், அறையில் அது கூடினால் புதுக்காற்று போதவில்லை என்று பொருள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை மேசையில் வைத்தால் ஊகத்துக்கு வேலை இல்லை. வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். அறையில் 800-ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவு ஜன்னல் முழுக்கத் திறந்து விடுங்கள். கோபம் தணியவும் அந்த இடைவேளை உதவும். ஜன்னலே இல்லாத அறை என்றால் ஹெபா ஃபில்டர் (மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். அது கிருமியை வடிகட்டும், ஆனால் மீட்டர் எண்ணைக் குறைக்காது. எனவே அங்கே எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் என்று ஒரு வேன் நிறைய வருவார்கள். கட்சிக்காரர், வக்கீல், கூட ஒருவர், அவ்வளவுதான் உள்ளே. மற்றவர்கள் வெளியே மரத்தடியில் இருக்கட்டும், அவர்கள் சம்மதம் தேவைப்படும்போது நானே எழுந்து போய்ப் பேசிவிடுகிறேன். ஒரு தரப்போடு தனியாகப் பேசும்போது மறு தரப்பும் திறந்த வெளியிலேயே காத்திருக்கலாம்.

மாஸ்க்கை எல்லோருக்கும் எப்போதும் கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முகத்தைப் படிக்காமல் சமரசம் பேசுவது கஷ்டம், காது மந்தமான பெரியவர்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் கர்ப்பிணியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ அறையில் இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்: எல்லோரும் என்-95, மூக்கோடு ஒட்டி. அதுவும் முடியாதென்றால் வீடியோவில் பேசலாம். 2023 சமரசச் சட்டம் இரு தரப்பின் எழுத்துச் சம்மதத்தோடு இணையவழிச் சமரசத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி, கவனம் தளர்ந்துவிடும். ஒரே பேனா கைமாறிக் கைமாறிப் பக்கம் பக்கமாகக் கையெழுத்தாகும். கைநாட்டு வைத்த விரலை எல்லோரும் ஒரே கந்தலில் துடைத்து, அதே விரலால் கண்ணையும் துடைப்பார்கள். மெட்ராஸ் ஐ பரவ இதைவிடத் தோதான வழி கிடையாது. ஆளுக்கொரு பேனா, விரல் துடைக்கக் காகிதம், பிறகு சோப்பும் தண்ணீரும். மெட்ராஸ் ஐ வைரஸுக்குச் சானிடைசரைவிடச் சோப்பே நம்பகமானது. அழுகிறவர்களுக்கு ஆளுக்கொரு டிஷ்யூ பாக்கெட்டும் பக்கத்தில் மூடி போட்ட குப்பைக்கூடையும் வேண்டும். பொது டம்ளரை எடுத்துவிட்டு, பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அமர்வு முடிந்து இரண்டு நாளில் யாராவது கொரோனா என்று போன் செய்தால், அறையில் இருந்த எல்லோருக்கும் அன்றே சொல்லுங்கள். "அன்று அறையில் இருந்த ஒருவருக்கு வந்திருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள்." பெயர் கேட்பார்கள், சொல்லக் கூடாது. அடுத்த அமர்வுக்கான தேதியை அதே அழைப்பில் தள்ளிப் போட்டுக் குறித்துக்கொள்ளலாம்.