கொழும்பு – மாலே பிளைட்: நேரக் கணக்குல நம்மட ஆக்கள் விடுற பிழைகள்

மாலைதீவுக்கு ரிசோர்ட் வேலைக்கெண்டு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து போற பொடியன்மாருக்குத்தான் இத முக்கியமா எழுதுறன், ஏனெண்டா முதல்தரம் போகக்குள்ள நேரக் கணக்கு பிழைச்சா டிக்கெட் காசும் போய் வேலையும் இழுபறியாகிடும்.

டிக்கெட்டுல 10.00க்கு வெளிக்கிட்டு 11.00க்கு மாலே (மாலைதீவுத் தலைநகர்) எண்டு கிடந்தா ஒரு மணித்தியாலப் பயணம் எண்டு நினைக்காதீங்க. டிக்கெட்டுல போடுறது எப்பவும் அந்தந்த ஊர் நேரம். மாலே நேரம் நம்மட நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி, அதால உண்மையில ஒண்டரை மணித்தியாலம். திரும்பி வரக்குள்ள அதே பயணம் 2 மணித்தியாலம் மாதிரித் தெரியும், பிளைட் மெதுவாப் போகல, மணிக்கூடுதான் மாறுது. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, கனக்க ரிசோர்ட்டுகள் மாலேய விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சு தங்கட நேரம் எண்டு ஓட்டுறாங்க, அப்ப படகு நேரம் சொன்னா அது மாலே நேரமா ரிசோர்ட் நேரமா எண்டு கட்டாயம் கேளுங்க.

தூரம் கொழும்பு எயார்போர்ட் இருக்கிற கட்டுநாயக்காவுல இருந்து மாலேக்கு நேர்கோட்டுல சுமார் 775 கிலோமீட்டர். சில இடத்துல 418 எண்டு போட்டிருக்கும், அது கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல பறக்குதே, அப்ப ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிருமே எண்டு பிரிச்சுப் பாக்கிறதும் பிழை, அந்த வேகம் நடுவானத்துல மட்டும்தான், ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு உருண்டு போகவும் நேரம் எடுக்கும்.

ஆனா நம்ம ஊர் ஆக்களுக்கு உண்மையான தூரம் வானத்துல இல்ல, ரோட்டுலதான். மட்டக்களப்புல இருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸுல 7, 8 மணித்தியாலம் பிடிக்கும், அக்கரைப்பற்று எண்டா அதுக்கும் மேல. செக்-இன் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே பூட்டிருவாங்க, 3 மணித்தியாலம் முந்திப் போய் நிக்கிறதுதான் நல்லம். காலைப் பிளைட்டெண்டா முதல்நாள் பின்னேரமே வெளிக்கிடுங்க, இரவு பஸ்ஸ நம்பி இருந்து வழியில டயர் போனா அவ்வளவுதான்.

நடுச்சாமப் பிளைட்டுலதான் பெரிய பிழை நடக்குது. 15ஆம் திகதி 00.30 எண்டு இருந்தா 14ஆம் திகதி இரவே எயார்போர்ட்டுல நிக்கோணும், அதாவது 14ஆம் திகதி காலமையே வீட்டால வெளிக்கிடோணும். வீட்டாக்களுக்கும் திகதிய விளங்கப்படுத்திச் சொல்லுங்க.

மாலேயில இறங்கினாப் போதும், வந்து சேந்தாச்சு எண்டும் நினைக்காதீங்க. எயார்போர்ட் இருக்கிறது ஹுல்ஹுலே எண்ட வேற தீவுல, மாலே டவுனுக்கு 2018ல திறந்த பாலத்தால போகலாம், ஆனா ரிசோர்ட்டுக்குப் பெரும்பாலும் ஸ்பீட் போட் அல்லது கடல்விமானம். கடல்விமானம் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், அதால பின்னேரம் பிந்தி இறங்கிறவங்க அண்டைக்கு ராத்தங்க இடம் ஆர் தாறது எண்டு கம்பனிட்ட முதலே எழுத்துல கேட்டு வச்சுக்கொள்ளுங்க.