தோட்டத்து முன்னோருக்கு நினைவுக்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்துக்குத் தமிழர் வேலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதையொட்டி 2023இல் மலையகம் 200 நிகழ்வுகள் நடந்ததிலிருந்து, தங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் குடியேறிய குடும்பங்களுக்குக் கல் வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் முன்பு எங்கள் குழு சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, ஃபோட்டோ மங்கல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விடுங்கள்.

கங்காணி வீட்டுப் பெயர்களை மட்டும் வெட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது இதில்தான். நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கருங்கல் பலகை அடித்து, பெயர் பொறித்து, பூ மாலையெல்லாம் போட்டபிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே பெரிய கங்காணி (ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கியவர்) வீட்டு ஆட்கள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், மாரியம்மன் கோயில் மணியில் உபயம் என்று இந்தப் பெயர்கள்தான் இருக்கின்றனவாம். சரி, அந்த மணி யார் காசு? பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நின்றவர்களின் சம்பளத்தில் பிடித்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆட்களின் கடனோ துண்டு என்ற கடன் சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் கூடவே போனது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடைசி லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) பாட்டி ஒருவர் பேரனை விட்டுக் கல்லை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப காட்ட வெட்டுனது யாருன்னு போடலையா தம்பி?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. புதுக் கல்லுக்கு மறுபடியும் வசூல், அதுவும் நாள் சம்பளக்காரர்களிடம்.

பழைய செக்ரோல், அதாவது தோட்டத்து ஆள் பெயர்ப் பதிவேடு, கிடைத்தால் விடாதீர்கள். பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் பாருங்கள், அப்புறம் லயம் லயமாக ஏறி இறங்குங்கள். கொழுந்து பறித்த பெண்களுக்குச் செக்ரோலில் சொந்தப் பெயர் இருக்கும். பட்டியல் போடும்போதுதான் அவர்கள் இன்னாரின் மனைவி ஆகிவிடுகிறார்கள்.

எல்லாக் கல்லிலும் 1823

மலையகம் 200 கணக்கு 1823இல் தொடங்குகிறது என்பதால் எல்லோரும் அதையே வெட்டுகிறார்கள். ஆனால் தேயிலைக்கு முந்தைய கோப்பிக் (காப்பி) காலத்தில் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை போட்டது 1867. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, தேயிலை பரவி, வருஷம் முழுக்க வேலை என்றானபிறகுதான் லயங்களில் குடும்பங்கள் நிலைத்தன. உங்கள் தோட்டத்துக்கு உங்கள் தோட்டத்தின் வருஷத்தைப் போடுங்கள்.

இங்கே இருப்பவர்களை மட்டும் கேட்பது

1964இல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் இங்கிருந்த 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. உங்கள் தோட்டத்து முதல் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ கொழுந்து பறித்துக்கொண்டிருக்கலாம். ஃபோன் போடுங்கள்.

வழியில் செத்தவர்களை விட்டுவிடுவது

பெயர் தெரியாவிட்டாலும், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்து சேராதவர்களுக்கு ஒரு வரி.

திறந்து வைத்த அமைச்சர் பெயர்

கல்லின் பின்பக்கம்.