ஸ்டாப் மோஷன் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, வரிசையாக ஓட்டினால் ஸ்டாப் மோஷன். பொம்மையின் இடத்தில் மனிதர் நின்றால் பிக்சிலேஷன். கொழும்பு மாணவர் ஒருவர் இதைத் தொடங்க ஒரு போனும் படிக்கிற மேசையும் போதும். முதல் முயற்சிகள் பெரும்பாலும் கெடுவது, நாம் தொடாத ஏதோ ஒன்று தானாக மாறிவிடுவதால்தான்.

முதல் எதிரி வெளிச்சம். போன் கமராவை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் வெளிச்சத்தையும் நிறத்தையும் அதுவே மாற்றிக்கொள்ளும்; ஓட்டிப் பார்த்தால் காட்சி முழுவதும் மினுங்கும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாதபடி பூட்டிவிடுங்கள். ஜன்னல் வெயிலை நம்ப வேண்டாம், மேகம் வந்து போகும். திரைச்சீலையை மூடி, மின்குமிழ் வெளிச்சத்தில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்குக் கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/25 செக்கனில் வைத்தால் அந்த வேறுபாடு படத்தில் விழாது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: பாடசாலையால் வந்த வெள்ளைச் சீருடையோடு மேசை அருகே நின்றால் அந்த வெள்ளை பொம்மைமேல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கறுப்புச் சட்டை போட்டு, எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள்.

போனைக் கையில் பிடித்து எடுக்கவே கூடாது. ஸ்டாண்டில் இறுக்கி, புளூடூத் பட்டனால் அழுத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீடென்றால் ரயில் போய் முடியும்வரை பொறுங்கள்.

நகர்த்துவதில் பெரிய பிழை, எல்லா நகர்வையும் ஒரே அளவில் வைப்பது. அப்போது பொம்மை திடீரெனப் புறப்பட்டுத் திடீரென நிற்கும், உயிரே இருக்காது. தொடக்கத்தில் மிகச் சிறிய நகர்வு, நடுவில் பெரிது, நிற்கும்போது மறுபடி சிறிது. சரி, எத்தனை படம்? செக்கனுக்கு 24 தேவையில்லை, 12 போதும். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு 720 படம் வேண்டும் என்பதால், பெரிய கதையோடு தொடங்காதீர்கள். 5 செக்கன், 60 படம், ஒரே செயல்.

பிக்சிலேஷனில் நடிப்பவரை நடக்கவிட்டுத் தொடர்ந்து படம் பிடித்தால் அது வெட்டி வெட்டி ஓடும் வீடியோதான். அவர் ஒரு நிலையில் உறைய வேண்டும், படம் எடுத்த பிறகே அடுத்த நிலைக்கு மாற வேண்டும். கால் வைக்கும் இடங்களைச் சோக்கால் குறித்துவையுங்கள். காலிமுகத்திடல் அழகான இடம்தான், ஆனால் கடற்காற்று உடையையும் முடியையும் விடாது. விகாரமகாதேவி பூங்காவின் மரநிழலில் வெயில் புள்ளிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூடிய மண்டபமோ நீளமான வராந்தாவோ நல்லது.

ஆளைப் பறக்கவிட ஆசையா? கனடாவின் அனிமேஷன் இயக்குநர் நோர்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த ‘நெய்பர்ஸ்’ படத்தில் மனிதர் அந்தரத்தில் மிதப்பது, திரும்பத் திரும்பக் குதிக்கவைத்து உச்சியில் இருக்கும்போது எடுத்த படங்களால்தான். செக்கனுக்கு 12 படமென்றால், 2 செக்கன் பறக்க 24 தடவை குதிக்க வேண்டும். அதனால் இந்தக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளாமல் காலையிலேயே எடுங்கள். குதிப்பவர் களைத்துவிட்டால் உயரம் குறைந்து, பறக்கிற ஆள் மெல்லத் தரையிறங்குவதுபோல் தெரியும்.