அடைக்கல மனு தள்ளுபடியா? தென்னாப்பிரிக்காவில் உயர் நீதிமன்றம் போகும் வழி

டர்பனில் தள்ளுபடிக் கடிதம் கைக்கு வந்ததும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "கோர்ட்டுக்குப் போகலாமா?" போகலாம், ஆனால் எடுத்த எடுப்பில் முடியாது. அதோடு, உங்கள் கதையைக் கோர்ட் முதலிலிருந்து கேட்கப்போவதில்லை. முடிவெடுத்த அதிகாரி சட்டப்படி, நியாயமாக நடந்துகொண்டாரா என்றுதான் பார்க்கும்.

முதல் வேலை, எந்த வகைத் தள்ளுபடி என்று கடிதத்தில் பார்ப்பது. 1998 அகதிகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இரண்டு வகை உண்டு. வெறும் 'ஆதாரமற்றது' என்றிருந்தால் மேல்முறையீட்டு ஆணையத்துக்கு நீங்கள்தான் மனுப் போட வேண்டும். 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' அல்லது 'மோசடி' என்றிருந்தால், ஃபைல் தானாகவே அகதிகள் விவகார நிலைக்குழுவின் மறுஆய்வுக்குப் போகும். கடிதம் கிடைத்த தேதியை அன்றே அதன் ஓரத்தில் எழுதி, போனில் படமெடுத்து வையுங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடும்.

சித்திரவதைக்கான ஆதாரம் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். இப்போது விட்டதைப் பிறகு கோர்ட்டில் நுழைப்பது பெரும்பாடு. 'முதுகில் தழும்புகள் உள்ளன' என்ற ஒருவரிச் சான்றிதழ் போதாது. ஒவ்வொரு தழும்பும் எங்கே, எவ்வளவு நீளம், நீங்கள் சொல்லும் விதத்தில் உண்டாகியிருக்குமா என்று டாக்டர் எழுத வேண்டும். அதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. வழிகாட்டி இருக்கிறது. சித்திரவதை ஆபத்துள்ள நாட்டுக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2013 சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் நேர்காணல் பதிவின் நகலை வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். ராணுவம் பிடித்தது என்று நீங்கள் சொன்னது 'போலீஸ்' என்று பதிவாகியிருக்கலாம். காரணப் பகுதியில் வேறொரு நாட்டின் நிலவரம் ஒட்டப்பட்டிருக்கலாம். வக்கீலுக்கு இவைதான் பிடி.

ஆணையத்திலிருந்தோ நிலைக்குழுவிலிருந்தோ இறுதி மறுப்பும் வந்துவிட்டதா? சரி, இனி கோர்ட். வக்கீல்கள் 'பாஜா' என்று சொல்லும் 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, தேவையற்ற தாமதமில்லாமல் மனுப் போட வேண்டும். 180 நாள் என்பது அதிகபட்ச எல்லை; அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. வக்கீலுக்குக் காசில்லை என்றால் லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் என்ற மனித உரிமை அமைப்பையோ, அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டையோ கேட்டுப் பாருங்கள். அகதிகள் அலுவலக வரிசையில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் ஆசாமியிடம் அசல் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மனுவோடு உங்கள் சத்தியக்கடதாசியும் போகும். உயர் நீதிமன்ற விதிகளில் 53ஆம் விதிப்படி, அந்த முடிவு சம்பந்தமான முழு ஃபைலையும் எதிர்த்தரப்பு 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்தபின், மனுவைத் திருத்த உங்களுக்கு 10 நாள். நல்ல வாதம் பெரும்பாலும் அந்த ஃபைலுக்குள்தான் கிடக்கும், அவசரத்தில் புரட்டாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது அசைலம் பேப்பரை, அதாவது அடைக்கலம் கேட்டவர் தற்காலிகமாகத் தங்கத் தரும் அனுமதியை, காலாவதியாக விடாதீர்கள். கோர்ட் மறுஆய்வு முடியும்வரை அதைப் புதுப்பித்துத்தர வேண்டும் என்று சைடி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. புதுப்பிக்கப் போகும்போது வழக்கு எண்ணுள்ள தாளையும் கொண்டுபோங்கள்.

ஜெயித்தாலும் கோர்ட்டே அகதி அந்தஸ்து தருவது அபூர்வம். பழைய முடிவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். அந்த விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.