பள்ளியிலிருந்து போன் வந்தால் பதற வேண்டாம்

இங்கிலாந்தில் பிள்ளையை செகண்டரி ஸ்கூலில் சேர்த்துச் சில மாதங்களில் இப்படி ஒரு போன் வரலாம்: "உங்கள் மகள் யாரோடும் பேசுவதில்லை. ஒருமுறை வந்து பேச முடியுமா?" நம்மில் பலர் இதைப் புகார் என்றே எடுத்துக்கொள்கிறோம். அன்று இரவு வீட்டில் திட்டு விழும். அதன் பிறகு அவள் பள்ளியிலும் வாய் திறக்க மாட்டாள்.

அது புகார் இல்லை. பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிப்பதும் இங்கே பள்ளியின் பொறுப்புதான்.

நாம் யோசித்து முடிவெடுத்து ஊரை விட்டு இங்கே கிளம்பி வந்தோம். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. 13 வயதில் நண்பர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு வந்து, தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று கை தூக்கவே பயந்து உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. "சோகமாக இருக்கிறது" என்று அவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி என்று வேறு வழியில் வரும். எங்கள் வீட்டில் அது காலை வயிற்றுவலியாக வந்தது. சனி, ஞாயிறுகளில் வலி இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

முதலில் ஃபார்ம் டியூட்டரிடம் (வகுப்பு ஆசிரியர்) பேசுங்கள், அப்புறம் ஹெட் ஆஃப் இயர் (அந்த ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் பொறுப்பான ஆசிரியர்). பல பள்ளிகளில் கவுன்சிலர் இருக்கிறார். அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் மனநல ஆதரவுக் குழு வரும் பள்ளிகளும் உண்டு. லேசான பதற்றம், மனச்சோர்வுக்குப் பள்ளியிலேயே உதவி கிடைக்கும். அது போதாவிட்டால் ஜிபி (குடும்ப டாக்டர்) மூலம் 'கேம்ஸ்' என்ற சிறார் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை இடைவேளையில் அமைதியாக இருக்க ஓர் அறை, தேவைப்பட்டால் வகுப்பிலிருந்து வெளியே வர அனுமதி போன்றவற்றைப் பள்ளியிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: டாக்டரிடம் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் வேதனையைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். ஜிபியில் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.

கவுன்சிலர் எல்லாவற்றையும் நம்மிடம் சொல்ல மாட்டார். ஆபத்து என்றால்தான் பிறரிடம் பேசுவார். "உள்ளே என்ன சொன்னாய்?" என்று குடையாதீர்கள். எதிர்காலம் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம், ஜிசிஎஸ்இ என்ற பள்ளி இறுதித் தேர்வின் சான்றிதழில் இதெல்லாம் வராது.

"இருக்கவே பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எந்த நேரத்திலும் என்எச்எஸ் உதவி எண்ணான 111 அழைத்து 2 அழுத்தினால் மனநல உதவி கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999.

நம்மிடம் பேச முடியாத இரவுகளும் அவர்களுக்கு இருக்கும். பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 0800 1111, 24 மணி நேரமும் இலவசம். போன் பில்லிலும் தெரியாது. அந்த எண்ணை நீங்களே பிள்ளையின் போனில் போட்டுக் கொடுங்கள்.