எண்ணெய் டின் தகட்டில் நீராவி இழுவைப் படகு: முதல்முறை செய்பவர்களுக்கு

பாவுச்சா தக்கா படகுத்துறையில் நின்று மும்பைத் துறைமுகத்தைப் பார்த்தால் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் திரியும் டக் படகுகள் கண்ணில் படும். வீட்டில் செய்ய இதைவிட நல்ல படகு கிடையாது. உடம்பு அகலமானது, நடுவில் பாய்லர் வைக்க இடம் உண்டு, வேகம் வேண்டியதில்லை, இழுவைதான் வேண்டும். நிஜ அளவுப் படகு நம் ஃபிளாட்டுக்கு ஆகாது. ஆனால் 60 செ.மீ. நீளத்தில், எஃகுத் தகட்டில் உடம்பும் உண்மையான நீராவியில் ஓட்டமுமாக ஒன்றைப் பால்கனியில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

முதல் வேலை எடைக் கணக்கு. நீளம் 60, அகலம் 16, தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 6 செ.மீ. என்று வையுங்கள். பெருக்கினால் 5,760 கன செ.மீ. படகு பெட்டி மாதிரி இல்லை, முன்னும் பின்னும் ஒடுங்கும். அதனால் 55 சதவீதம் எடுத்துக்கொண்டால் சுமார் 3,170. அதாவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3.2 கிலோ இருந்தால் படகு அந்த 6 செ.மீ. கோட்டில் நிற்கும். உடம்பும் மேல்தளமும் 900 கிராம், தண்ணீரோடு பாய்லர் 750, இன்ஜினும் ஷாஃப்ட்டும் விசிறியும் (புரொப்பெல்லர்) 500. புகைபோக்கி, கேபின் போக முக்கால் கிலோவாவது மிஞ்ச வேண்டும். அது அடியில் வைக்கும் ஈயக்கட்டிக்கு. அது இல்லாவிட்டால் படகு சாயும். ஒரு தராசு வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் பொருத்துவதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள்.

தகட்டுக்கு 15 கிலோ எண்ணெய் டின் போதும். வெள்ளீயம் பூசிய எஃகு அது, சுமார் 0.3 மி.மீ. தடிமன். தாராவியில் பழைய டின்களைக் கழுவிச் சீராக்கி விற்கும் பட்டறைகள் இருக்கின்றன. இரண்டு டின் வாங்கினால் மிச்சமே இருக்கும். மேலும் கீழும் வெட்டி, தையல் ஓரமாகக் கத்தரித்து விரித்தால் 90 செ.மீ.க்கு மேல் நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள தகடு கிடைக்கும். மூலை மடிப்புகளை மரச்சுத்தியால் தட்டிச் சமமாக்குங்கள். தோல் கையுறை இல்லாமல் தகரத்தைத் தொடாதீர்கள். அப்புறம் சூடான சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள்.

தகடு ஒரு பக்கம்தான் வளையும்; கிண்ணம் மாதிரி இரண்டு பக்கமும் வளைக்கத் தட்டிப் பழகிய கை வேண்டும். எனவே தட்டையான அடித்தகடு ஒன்று, பக்கத்தகடு இரண்டு என்று மூன்றே துண்டுகளில் உடம்பை வரையுங்கள். முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். அணியத்தில் (முன்பக்கம்) இரு பக்கத்தகடுகளும் கூடும் இடம் அட்டையில் சரியாக வந்தால் தகரத்திலும் வரும். 12 மி.மீ. பிளைவுட் பலகையில் 10 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து குறுக்குச் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்தி, அவற்றின்மேல் தகடுகளைப் பொருத்துங்கள்.

இனி ஈயப்பற்று (சால்டரிங்). இதில் அவசரப்படக் கூடாது. தகடுகள் 5 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும். ஏறும் இடத்தில் அச்சிட்ட பெயின்ட்டையும் வார்னிஷையும் மட்டும் நீக்குங்கள், அடியிலுள்ள வெள்ளீயத்தைச் சுரண்டாதீர்கள். சின்ன எலக்ட்ரானிக்ஸ் அயர்ன் பற்றாது, 100 வாட்டாவது வேண்டும். சூட்டு முனையை நவச்சாரக் கட்டியில் தேய்த்து, ஈயம் பூசிப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள். முதலில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே பக்கமாகப் போனால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். பிறகு ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி முனையை மெல்ல நகர்த்துங்கள். தகடு போதுமான சூடேறியதும், உருண்டையாக நிற்கும் ஈயம் சட்டென்று பளபளத்து இணைப்புக்குள் ஓடிவிடும். அப்படி ஓடாமல் மேலே குமிழாக நின்றால் அது ஒட்டியதாக அர்த்தமில்லை. இன்னும் சூடு காட்டுங்கள்.

துத்தநாகக் குளோரைடு ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் மும்பை மழைக்காலத்து ஈரத்தில் மறுநாளே துரு பூக்கும். அன்றன்றே வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கசிவு பார்க்க கப்பல் பட்டறைகளில் செய்யும் முறை ஒன்று உண்டு. வெளிப்பக்க இணைப்புகளில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஊசித் துளை இருந்தால்கூடச் சுண்ணாம்பில் கறை தெரியும். மண்ணெண்ணெய் முழுக்கப் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மறுபடி சூட்டு முனையைக் கொண்டுபோக வேண்டும். ஷாஃப்ட் குழாயைப் பொருத்தி, எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, பெரிய டப்பில் மிதக்கவிடுங்கள். பாய்லர், இன்ஜின் எடைக்குச் சமமான அரிசிப் பொட்டலங்களை அந்தந்த இடத்தில் வைத்து, கோட்டில் நிற்கிறதா, சாய்த்தால் நிமிர்கிறதா என்று பாருங்கள். இது தேறிய பிறகு இன்ஜினுக்குக் காசு போடுங்கள்.

இன்ஜின் ஆடும் சிலிண்டர் வகையாக இருக்கட்டும், 10 மி.மீ. விட்டம் போதும். தனி வால்வு கிடையாது, சிலிண்டரே ஆடி ஆடி வழியைத் திறந்து மூடும். விசிறி 50 மி.மீ.

பாய்லரை மட்டும் முதல்முறையே நீங்களாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் திடமான கருத்து. 65 மி.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள செம்புக் குழாய், இரு முனையிலும் செம்பு மூடி, எல்லா இணைப்பும் வெள்ளிப் பற்று (சில்வர் பிரேசிங்). தேர்ந்த பிரேசிங்காரரிடம் கொடுங்கள். 2 பார் அழுத்தத்தில் நீராவி 134 டிகிரி இருக்கும். சாதா ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், நெருப்புப் படும் இடத்தில் அது நிற்காது. வெள்ளிப் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். வால்வு, கேஜ் திருகும் புஷ்ஷும் பித்தளையில் வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்துவிடும். வெண்கலம் போடச் சொல்லுங்கள். சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், தண்ணீர் மட்டக் கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

25 லிட்டருக்குக் குறைந்த கலனை நம் நாட்டுச் சட்டம் பாய்லர் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை, சோதிப்பது உங்கள் பொறுப்பு. காற்றே இல்லாமல் பச்சைத் தண்ணீர் நிரப்பி, சேஃப்டி வால்வு வாயை அடைத்து, கைப்பம்பால் 4 பார் வரை ஏற்றுங்கள். முள் இறங்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் அமுங்காது என்பதால் இணைப்பு விட்டாலும் சொட்டும், அவ்வளவுதான். காற்றை ஏற்றிச் சோதித்தால் வெடிக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

எரிபொருளுக்கு ஹெக்ஸமைன் வில்லைகள் நல்லது, திறந்தவெளியில் மட்டும். கேஸ் வேண்டாம், எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும். வடிகட்டிய மழைநீரைப் பாய்லரில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றுங்கள். சிலிண்டருக்கு ஸ்டீம் ஆயில் விட மறக்காதீர்கள். அழுத்தம் ஏறியதும் இன்ஜினுக்கு நீராவி விடும் வால்வைக் கொஞ்சம் திறந்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். குளிர்ந்த சிலிண்டரில் தேங்கிய நீர் துப்பி வெளியேறும். பிறகு தானாகவே பிடித்துக்கொள்ளும்.

டப்பில் முதல் ஓட்டம் போதும். பின்கொக்கியில் நூல் கட்டி, மறுமுனையை ஸ்பிரிங் தராசில் மாட்டினால் இழுவை எவ்வளவு என்று தெரியும். 1803-ல் ஸ்காட்லாந்துக் கால்வாயில் சார்லட் டண்டாஸ் என்ற நீராவிப் படகு 70 டன் படகுகள் இரண்டைச் சுமார் 30 கி.மீ. இழுத்துக் காட்டியது, இந்த வகைக்கு இழுவைதான் பெருமை.

தண்ணீர் மட்டம் கண்ணாடியில் அடிக்கு வருவதற்குள் நெருப்பை அணையுங்கள். அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு, சூடு கொஞ்சம் இருக்கும்போதே பாய்லரைக் காலிசெய்து, படகின் உள்பக்கத்தைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.