ஆம்புலன்ஸ் வேலையில் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

நன்றாகத் தூங்குங்கள், நடங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ட்ரெயினிங்கிலேயே சொல்லியிருப்பார்கள். எந்த வேலையோடு சேர்த்து எதைச் செய்வது என்பதைத்தான் அங்கே யாரும் சொல்வதில்லை. "நேரம் கிடைக்கும்போது மனசைக் கவனிக்கலாம்" என்று இருந்தால் இந்த வேலையில் அந்த நேரம் வரவே வராது. அதனால் எப்படியும் செய்தே தீரவேண்டிய ஒரு வேலையோடு ஒவ்வொன்றையும் கோத்துவிடுங்கள்: வண்டி செக், ஹேண்ட்ஓவர் (நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைப்பது), ஸ்ட்ரெச்சர் துடைப்பது, வீட்டுக்குக் கிளம்புவது.

படி 1: ஒன்றும் ஆகாதபோதே ஒரு அளவு எடுத்து வையுங்கள்

நோயாளியின் வழக்கமான பி.பி. தெரியாமல் இப்போதைய பி.பி.யை வைத்து எவ்வளவு சொல்லமுடியும்? மனசும் அப்படித்தான். புரோக்வால் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இலவசம், 30 கேள்விகள். வேலையில் கிடைக்கும் நிறைவு, பர்ன்அவுட் (வேலையால் முழுக்கச் சோர்ந்துபோவது), அடுத்தவர் துயரம் நம்மைத் தாக்கும் அளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே நிரப்பி, தேதி போட்டு வையுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

தினமும் "இன்று எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்கும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவனிடம் சிரிக்கும் முகத்தையும் அழும் முகத்தையும் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால் எரிச்சல்தான் வரும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். ஒன்று மட்டும் கவனம்: நோயாளியின் பெயரோ முகவரியோ அதில் வரக்கூடாது.

படி 2: ஸ்பாட்டில் தேவையில்லாததைப் பார்க்காதீர்கள்

காயத்தைப் பாருங்கள், மூச்சுப்பாதையைப் பாருங்கள், மானிட்டரைப் பாருங்கள். பர்ஸில் இருக்கும் குடும்பப் போட்டோவை நீங்கள் பார்க்கவேண்டியதில்லை. அடையாளம் தெரியவேண்டும் என்றால் அட்டையை மட்டும் எடுங்கள், அல்லது போலீஸ் எடுக்கட்டும். ரொம்ப நாள் கூடவே வருவது பெரும்பாலும் ரத்தம் இல்லை. அடிபட்டவரின் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், திரையில் "அம்மா" என்று வரும். அந்த மாதிரி விஷயங்கள்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடம் கொடுக்கவேண்டுமோ அவரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் கல்நெஞ்சம் ஒன்றுமில்லை.

படி 3: ஹேண்ட்ஓவருக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில்

நான் அதிகம் தடுமாறியது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நோயாளியை ஒப்படைத்தாயிற்று. வண்டியைச் சுத்தம் செய்யவேண்டும், ரிப்போர்ட் எழுதவேண்டும், அதற்குள் ரேடியோ கூப்பிடும். மனசுக்குக் கிடைப்பது இந்தச் சில நிமிடங்கள்தான்.

முதலில் உடம்பு. கையுறையைக் கழற்றி, கை கழுவும்போது மூச்சை நான்கு எண்ணிக்கையில் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணிக்கையில் விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்கும். கை கழுவி முடிப்பதற்குள் ஐந்தாறு மூச்சு ஆகிவிடும். தனியாக உட்கார்ந்து தியானம் செய்ய நேரம் தேடவேண்டாம்.

அடுத்து, ஸ்ட்ரெச்சர் துடைக்கும்போது பார்ட்னரிடம் மூன்றே வாக்கியம். என்ன நடந்தது. நாம் என்ன செய்தோம். எது மனசில் நிற்கிறது. உதாரணமாக: "போகும்போதே இதயம் நின்றிருந்தது. சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) ஆரம்பித்தோம், ஷாக் கொடுத்தோம், திரும்பவில்லை. அந்தப் பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தது எனக்கு நிற்கிறது." அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவேண்டியதில்லை, ஆராயவேண்டியதில்லை. பார்ட்னர் "ம்" என்றால்கூடப் போதும்.

"நாம் என்ன செய்தோம்" என்ற நடு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இரவில் மனசு அந்த இடத்தை "இன்னும் வேகமாகப் போயிருந்தால்" என்று நிரப்பிக்கொள்ளும். புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், உலகின் பெரும்பாலான இடங்களில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே அது நல்ல விகிதம். எல்லாம் சரியாகச் செய்தும் இழப்பதுதான் இங்கே அதிகம்.

பெரிய விபத்து நடந்தால் சில இடங்களில் எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்வார்கள். 1983-ல் ஜெஃப்ரி மிட்செல் முன்வைத்த முறையிலிருந்து வந்த பழக்கம் இது. ஆனால் ஒரே ஒரு அமர்வில் இப்படிப் பேசவைப்பது பி.டி.எஸ்.டி.யை (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பை) தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் ஆகலாம் என்று 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) சொன்னது. அதனால் கூட்டத்துக்குப் போங்கள், கேளுங்கள். பேசத் தோன்றாவிட்டால் "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நம்பும் பார்ட்னரிடம் தானாகப் பேசுவது வேறு, முறைவைத்துப் பேசவைப்பது வேறு.

சைடில் ஒரு விஷயம்: ஷிஃப்ட் முடிந்தும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தால் நான் டெட்ரிஸ் (விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ கேம்) ஆடுவேன். சிரிக்காதீர்கள். வாகன விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை, முதல் 6 மணி நேரத்துக்குள் விபத்தைச் சற்று நினைவுபடுத்திவிட்டு டெட்ரிஸ் ஆடவைத்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அடுத்த ஒரு வாரத்தில் காட்சிகள் தாமாக மனசுக்குள் புகுந்து வருவது அவர்களுக்குக் குறைந்தது. சிகிச்சை என்று நினைக்கவேண்டாம், ஆனால் போனில் ரீல்ஸ் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

படி 4: வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது

வீட்டில் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், உங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் சொன்னால் அந்தக் காட்சி அவர்கள் தலையிலும் ஏறும். நடுவில் ஒரு வாக்கியம் போதும்: "இன்று கஷ்டமான ஒரு கேஸ், உன்மேல் கோபம் இல்லை, ஒரு மணி நேரம் சும்மா இருக்கவிடு." ஸ்டேஷனில் அடிக்கும் கறுப்பு ஜோக்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள். வெளியில் அது யாருக்கும் சிரிப்பாக இருக்காது.

படி 5: நைட் ஷிஃப்டுக்குப் பின் தூக்கம்

காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் ஷிஃப்டின் பின்பாதியில் காபியை நிறுத்திவிடுங்கள். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, அறையில் கனத்த திரை. இடையில் 20 நிமிடக் குட்டித்தூக்கம் கிடைத்தால் வெட்கப்படாமல் போடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதற்குச் சமமாக இறங்குவதாக 1997-லேயே அளந்திருக்கிறார்கள். அந்த நிலையில் வீட்டுக்கு வண்டி ஓட்டாதீர்கள், யாராவது கொண்டுவிடட்டும். தூக்கம் வர மது வேண்டவே வேண்டாம். சீக்கிரம் தூங்கவைக்கும், பிறகு தூக்கத்தை உடைத்துவிடும்.

படி 6: எப்போது மருத்துவரிடம்

மோசமான ஒரு கேஸுக்குப் பின் சில நாள் தூக்கம் கெடுவதும், சத்தம் கேட்டால் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு வரும், அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கனவு வருகிறது, அந்தச் சாலை வழியாகப் போகாமல் சுற்றிப்போகிறீர்கள், வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் வெடிக்கிறீர்கள் என்றால் போய்ப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் மாதக்கணக்கு பார்க்கவேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

போகும்போது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) அல்லது இ.எம்.டி.ஆர். (கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாளும் சிகிச்சை) கிடைக்குமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்தவை இவை. சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காக டயாசெபாம் வகை (பதற்றம் தணிக்கும்) மாத்திரை தரவேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பெட்டியில் இருக்கிறதே என்று நாமாக எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏற்கெனவே மருத்துவர் சொல்லி எடுத்துவருபவர்கள் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

பின்சேர்ப்பு

"என் பார்ட்னர் வாயே திறக்கமாட்டார், படி 3-ஐ எப்படிச் செய்வது?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அவர் பேசவேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். அவர் கேட்கவும் மறுத்தால் மூன்று வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். வேறு ஷிஃப்டில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இன்னொரு கேள்வி கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் ஒருவரிடமிருந்து: "நான் எதையும் பார்ப்பதில்லை, எனக்கு ஏன் இப்படி?" கொடூரமான விவரங்களை வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) அதிர்ச்சியாகவே கணக்கில் எடுக்கிறது. நேரில் பார்க்கவேண்டும் என்பதில்லை. அவர்களுக்குக் கூடுதல் சிக்கல், அழைப்பு துண்டித்தபின் முடிவு தெரியாமல் போவது. ஸ்பாட்டுக்குப் போகும் நாம் இதற்கு ஒன்று செய்யலாம்: நிறுவன விதி அனுமதித்தால், ஹேண்ட்ஓவர் முடிந்ததும் ரேடியோவில் அவர்களுக்கு ஒரு வரி. "ஒப்படைத்தாயிற்று, மூச்சு இருக்கிறது." அல்லது, "ஒப்படைத்தாயிற்று, போய்விட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்த சி.பி.ஆரை நாங்கள் வரும்வரை அந்த வீட்டில் நிறுத்தவே இல்லை."